அழுத்தம் இறங்கிய பிறகு ஸ்பேனர்

திருவெறும்பூர்க்காரர்களுக்கு அழுத்தம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1965 முதல் இங்கே பெல் நிறுவனத்தின் உயரழுத்த பாய்லர் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. காட்டூர், கூத்தைப்பார், துவாக்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் வெல்டர், ஃபிட்டர், ஓய்வுபெற்ற ஃபோர்மேன் என்று யாராவது ஒருவர் தென்படுவார். குழாயில் நீராவி நிற்கும்போது ஃபிளாஞ்சின் போல்ட்டில் கை வைக்கக் கூடாது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். முதலில் வால்வை மூடுவார்கள், உள்ளே இருப்பதை வடிப்பார்கள், மானியின் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதைக் கண்ணால் பார்ப்பார்கள். ஸ்பேனர் அதற்கப்புறம்தான்.

ஆலைக்குள் இவ்வளவு கறாராக இருக்கும் இந்த ஒழுங்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு போர்ட்டிகோவில் கார் பேனட்டைத் திறக்கும்போது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. காரணம் எளிது. பெட்ரோல் ஃபில்டர், டீசல் ஃபில்டர் என்பது கைக்குள் அடங்குகிற ஒரு டப்பா. இரண்டு ஹோஸ், இரண்டு கிளிப், விலை சில நூறு ரூபாய். இதில் என்ன ஆபத்து இருக்க முடியும் என்றுதான் தோன்றும்.

எண்களைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். இன்றைய சூப்பர் கிரிட்டிகல் பாய்லர்களில் நீராவியின் அழுத்தம் சுமார் 250 பார். தெருவில் நிற்கும் சாதாரண காமன் ரெயில் டீசல் காரில், இன்ஜெக்டருக்குப் போகிற சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இரும்புக் குழாயில் 1600 பார் வரை ஏறும். சில வண்டிகளில் 2000 பார். பெரிய அனல்மின் நிலையத்தின் பாய்லரைவிட ஆறு, எட்டு மடங்கு அழுத்தம் நம் வீட்டு வாசலில் நிற்கிறது.

ஃபில்டர் எதற்கு? டேங்கில் துரு சேரும், தூசி சேரும், தண்ணீர் சேரும். டீசல் இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அகலம்தான். ஒரு மணல் துகள் போனால் போதும், அடைத்துக்கொள்ளும். அதைத் தடுத்து நிறுத்துவதுதான் ஃபில்டரின் வேலை. நாளாக நாளாக அதுவே அடைபட்டுப்போகும். அப்போது வண்டி இழுக்காது, மேட்டில் திணறும், வேகமெடுக்கும்போது மிஸ்ஸிங் அடிக்கும்.

இதில் புதிதாகச் சேர்ந்திருக்கும் விஷயம் எத்தனால். 2030க்குள் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்று முதலில் வைத்திருந்த இலக்கை இந்தியா 2025லேயே எட்டிவிட்டது. இன்று பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் கலவைதான். எத்தனாலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. பழைய டேங்கின் சுவரில் வருடக்கணக்காகப் படிந்து கிடக்கும் கசடை இளக்கிவிடும் குணமும் உண்டு. இளகிய கசடு நேராக ஃபில்டருக்குத்தான் வரும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தந்த விளக்கத்தில் சொன்னது. ஆகவே பத்துப் பன்னிரண்டு வயதான காரில் ஃபில்டரை மாற்றுகிறவர், அதன் இரு பக்கமும் இருக்கும் ரப்பர் ஹோஸையும் மாற்றிவிடுவது நல்லது. விறைத்துப்போன பழைய ஹோஸைப் பிடுங்கித் திரும்பச் சொருகினால் அது பழையபடி கவ்வாது.

எந்தக் காரில் எந்த ஃபில்டர் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் முதல் படி. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில், பேனட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர் இருக்கும். அங்கே அழுத்தம் கால் பார் அளவுதான். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு, பல வண்டிகளில் ஃபில்டர் உலோக உருளையாகி, டேங்குக்குப் பக்கத்தில் வண்டியின் அடியில் போய் உட்கார்ந்தது. அழுத்தமும் 3, 4 பார் ஆனது. இப்போது வரும் பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஃபில்டர் வெளியே தெரிவதே இல்லை. டேங்குக்குள்ளே பம்ப்போடு சேர்ந்தே இருக்கும். அதை எடுக்கப் பின்சீட்டைத் தூக்கி, டேங்கின் வாயைத் திறக்க வேண்டும். அதாவது காருக்குள்ளேயே பெட்ரோல் ஆவி நிறையும். இந்த வகையை வீட்டில் தொடவே கூடாது. காமன் ரெயில் டீசல் இன்னொரு கதை. அதைப் பிறகு பார்ப்போம்.

பெட்ரோலைப் பற்றிப் பலர் நினைத்திருப்பது, அது எரிகிற திரவம் என்று. எரிவது அதிலிருந்து எழும் ஆவி. எவ்வளவு குளிரானாலும் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு அதன்மேல் ஆவி நிற்கும். திருச்சியின் சித்திரை வெயிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. காற்றில் இந்த ஆவி 1.4 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். ஃபில்டரைக் கழற்றும்போது ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி பெட்ரோல் சிந்தியது என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 40 லிட்டர் ஆவி. காற்றோடு கலந்து 2,500 லிட்டருக்கும் மேற்பட்ட எரியக்கூடிய கலவையாக அது மாறக்கூடும்.

அந்த ஆவி மேலே போகாது. காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது என்பதால் தரையோடு தரையாகத் தவழும். சரிவான இடத்தில் சரிந்து இறங்கும். பள்ளத்தில் தேங்கும். வாசனை மூக்குக்கு லேசாக எட்டும்போதே கணுக்காலுக்குக் கீழே அது அடர்ந்து நிற்கலாம்.

இப்போது திருவெறும்பூரில் கடந்த இருபது வருடங்களில் கட்டிய ஒரு வீட்டின் போர்ட்டிகோவை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கம் சுவர், முன்னால் கேட். காரின் அடியில் தரைமட்டத்தில் தண்ணீர் சம்ப்பின் மூடி. சுவரில் ஈபி மீட்டர் பெட்டி. அதற்குப் பக்கத்தில் போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர். பல வீடுகளில் அதோடு தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியும் இணைந்திருக்கும். மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் யாரும் தொடாமலே மோட்டார் தானாக ஓடும். ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் ஒட்டும்போதும் விடும்போதும் உள்ளே பொறி பறக்கும். ஃபில்டரைக் கழற்றுகிற நேரத்தில் வீட்டுக்குள் யாரோ குளித்துக்கொண்டிருக்கிறார், மாடித் தொட்டி காலியாகிறது, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை, யாரும் பீடி பற்றவைக்கவில்லை. ஆனாலும் பொறி வந்துவிட்டது.

இதோடு நின்றுவிடுவதில்லை. வரவேற்பறையில் இன்வெர்ட்டர், அதற்கடுத்து ஃபிரிட்ஜ், பூஜை அறையில் விளக்கு, வாசலில் கொசுவத்தி, பின்னால் கேஸ் அடுப்பு. கதவுக்கடியில் உள்ள இடுக்கு வழியாக ஆவி இவற்றில் எதை வேண்டுமானாலும் எட்டலாம்.

இது கற்பனைப் பயம் இல்லை என்பதற்கு 2012 மார்ச் மாதம் இங்கிலாந்தில் நடந்தது சாட்சி. அங்கே டேங்கர் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்யக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. வீட்டில் ஒரு கேனில் கொஞ்சம் பெட்ரோல் வைத்துக்கொள்வது நல்லது என்று அமைச்சர் ஃபிரான்சிஸ் மோட் சொல்லிவைத்தார். அதே வாரத்தில் யார்க் நகரில் ஒரு பெண் தன் வீட்டுச் சமையலறையில் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெட்ரோலை மாற்றி ஊற்றினார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் அடுப்பில் படவில்லை. அதன் ஆவி போய்ப் பற்றிக்கொண்டது. அவருக்கு உடலில் 40 சதவீதத் தீக்காயம். அமைச்சரின் பேச்சு நாடு முழுக்கக் கண்டனத்துக்கு உள்ளானது.

ஆகவே வேலை தொடங்கும் முன் காரைத் தள்ளிக்கொண்டு போய்த் திறந்தவெளியில் நிறுத்துங்கள். அது முடியவில்லையென்றால் மோட்டாரின் கட்டுப்பாட்டுக் கருவியை முன்கூட்டியே அணைத்துவிட்டு, கேட்டை அகலத் திறந்து வைத்து, சம்ப் மூடியை இறுக மூடிவிட்டு, வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பெட்ரோல் சிந்திய பிறகு ஞாபகம் வந்து சுவிட்சை அணைக்க ஓடக் கூடாது. போடும்போது மட்டுமல்லாமல் அணைக்கும்போதும் சுவிட்சில் பொறி உண்டு. அப்போது செய்ய வேண்டியது, எல்லோரும் விலகிப் போய், ஆவி காற்றில் கலைந்து போகும்வரை காத்திருப்பது.

அடுத்து அழுத்தத்தை இறக்குவது. இன்ஜெக்‌ஷன் உள்ள பெட்ரோல் காரில், இன்ஜினை நிறுத்திவிட்டாலும் குழாயில் 3 பார் அழுத்தம் அப்படியே நிற்கும். அடுத்த முறை செல்ஃப் அடித்தவுடன் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதற்காகத் தயாரிப்பாளரே வேண்டுமென்று செய்துவைத்த ஏற்பாடு அது. கார் டயரில் இருப்பது சுமார் 2.2 பார்தான். அதைவிட அதிக அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கும்போது ஹோஸைப் பிடுங்கினால், அது சொட்டாது, பீய்ச்சி அடிக்கும். கண்ணில் படும், சட்டையில் படும், சூடாக இருக்கும் சைலன்சர் குழாயில் படும். ஓடி வந்து நின்ற வண்டியின் எக்ஸாஸ்ட் பகுதி பெட்ரோல் தானாகவே பற்றிக்கொள்ளும் வெப்பத்தைத் தாண்டி இருக்கலாம். பொறியே தேவைப்படாது.

மெக்கானிக்குகள் இதற்குக் கைக்கொள்ளும் வழி சுலபமானது. ஃபியூஸ் பெட்டியில் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்வார்கள். குழாயில் உள்ளதைக் குடித்துவிட்டு இன்ஜின் தானாக நின்றுபோகும். இன்னும் இரண்டு முறை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுவார்கள். பிறகு வண்டி நன்றாக ஆறும்வரை விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் செய்த பிறகும் ஃபில்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் இருக்கத்தான் செய்யும். அதனால் இணைப்பைச் சுற்றிப் பனியன் வேஸ்ட்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தை விலக்கி வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகக் கழற்ற வேண்டும். பழைய ஹேண்ட் லேம்ப் வேண்டாம். சூடேறிய குண்டு பல்பில் ஒரு துளி பெட்ரோல் தெறித்தால் கண்ணாடி வெடித்து, உள்ளே தகதகக்கும் இழை வெளியே வந்துவிடும். எல்இடி டார்ச் போதும்.

வண்டிக்கு அடியில் ஃபில்டர் இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது. காரோடு தருகிற ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கானது. இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்து, கைபிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் கொள்ளாமல் பொடிந்துபோகும். கீழே படுத்திருப்பவரின் முகத்துக்கு நேர் மேலேதான் ஃபில்டர் இருக்கிறது என்பதும், தரையில்தான் ஆவி சேர்கிறது என்பதும் சேர்ந்துகொள்ளும்போது, அவசரமாக வெளியே வர வழி இருக்க வேண்டும். தனியாக ஒருவர் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

டேங்க் நிறைய இருக்கிறதே என்று டியூப் போட்டு வாயால் உறிஞ்சி இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வாய் பெட்ரோல் வயிற்றுக்குப் போவதைவிட, சில துளி நுரையீரலுக்குள் போவதுதான் கொடியது. நுரையீரல் அழற்சி சில மணி நேரம் கழித்துத்தான் முழுதாக வெளிப்படும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைத்தால், மேலே வரும்போது அது நுரையீரலுக்குள் போகலாம். வாந்தி எடுக்க வைக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதுதான் சரி.

வடித்த பெட்ரோலை எதில் பிடிப்பது? பெரும்பாலும் தண்ணீர் பாட்டில்தான் கையில் அகப்படும். 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டம் இதை விட்டுவைக்கவில்லை. விற்பனைக்கு அல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோலை உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள அது அனுமதிக்கிறது. ஆனால் கலம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ உலோகமாகவோ இருக்க வேண்டும், வாய் இறுக மூடியிருக்க வேண்டும் என்கிறது. கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. உலோகக் கலம் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக் என்ற பேச்சே அந்தப் பட்டியலில் இல்லை. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், ஊற்றும்போது உருவாகும் நிலைமின்னூட்டம் அதில் அப்படியே தங்கிப்போகும். அமெரிக்காவில் 1998இல் தொழிலாளர் நலத்துக்கான அரசு ஆய்வு நிறுவனம் இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. பிக்கப் வண்டிகளின் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் கேனை வைத்துப் பெட்ரோல் நிரப்பும்போது தீப்பற்றிய சம்பவங்கள் அதற்குக் காரணம். கலத்தைத் தரையில் வைத்து நிரப்ப வேண்டும் என்பது அப்போது சொன்ன எளிய தீர்வு. நம் வீட்டுக்கும் அதுவே பொருந்தும்.

இதுவரை பெட்ரோல். டீசல் பற்றி ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: டீசல் சாது, தீக்குச்சியைப் போட்டாலும் பிடிக்காது. குளிர்நாட்டில் பிறந்த நம்பிக்கை இது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி இங்கே விற்கும் டீசலின் தீப்பற்றுநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் வெப்பநிலை, 35 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. அந்த 35ஐத் திருச்சி மார்ச் மாதத்திலேயே தாண்டிவிடுகிறது. கோடையில் 40 டிகிரி இங்கே சாதாரணம். வெயிலில் கொதித்துக் கிடக்கும் தரையில் சிந்திய டீசல், அதன் தீப்பற்றுநிலைக்கு மேலேயே கிடக்கக்கூடும். தவிர, துளித்துளியாகச் சிதறிய டீசல் எந்த வெப்பநிலையிலும் எளிதில் பற்றும். இன்ஜெக்டர் செய்வதே அந்த வேலைதான்.

டீசலின் பெரிய ஆபத்து தீயில் இல்லை, அழுத்தத்தில் இருக்கிறது. அம்பாசடர் டீசல், பழைய ஜீப்பு என்று கை பழகிய மெக்கானிக்குகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஃபில்டர் மாற்றினால் குழாயில் காற்று புகுந்துகொள்ளும். "ஏர் புடிச்சிருக்கு சார், நட்டை லூஸ் பண்றேன், செல்ஃப் அடிங்க" என்பார் மெக்கானிக். இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, நுரை போய்ச் சுத்தமான டீசல் வருகிறதா என்று இன்னொருவர் பார்ப்பார். பழைய பம்ப்பில் அது பல வருடம் நடந்த முறை. காமன் ரெயிலில் அதே நட்டைத் தளர்த்தினால், செல்ஃப் அடிக்கும்போதே பல நூறு பார் அழுத்தத்தில் ஊசிபோல் டீசல் பாயும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பாய்ச்சல். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறதே, அது இங்கே விரலையே கேட்கும். தோலைத் துளைக்க 7 பார் அழுத்தமே போதும்.

இந்தக் காயம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விரல் நுனியில் எறும்பு கடித்ததுபோல் ஒரு புள்ளி இருக்கும். ரத்தம் வராது, முதலில் வலியும் பெரிதாக இருக்காது. கையைக் கழுவிவிட்டு வேலையைத் தொடரலாம் என்று தோன்றும். உள்ளேயோ டீசல் தசைநார் உறை வழியாக உள்ளங்கைவரை ஏறியிருக்கும். திசுக்களைச் சுடும், வீக்கம் ரத்த ஓட்டத்தை நெரிக்கும், சில மணி நேரத்தில் விரல் கறுக்கத் தொடங்கும். 1937இல் ரீஸ் என்ற மருத்துவர், டீசல் இன்ஜின் நாசிலில் இருந்து பாய்ந்த எண்ணெய் விரலைத் துளைத்த தொழிலாளி ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார். அந்த வகைக் காயம் மருத்துவ உலகில் பதிவானது அப்போதுதான். 2006இல் ஹோகன், ரூலண்ட் என்ற இரு மருத்துவர்கள், கைகளில் நேர்ந்த இத்தகைய காயங்களில் பதிவான 400க்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்துப் பார்த்தார்கள். பெயிண்ட், கிரீஸ், எண்ணெய் என்று எல்லா வகையும் சேர்ந்த கணக்கு அது. சுமார் 30 சதவீதம் பேருக்கு விரலையோ கையின் ஒரு பகுதியையோ எடுக்க வேண்டியதாகியிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து உள்ளே போனதைச் சுத்தம் செய்தவர்களுக்கு, குறிப்பாகப் பெயிண்ட், எரிபொருள் போன்றவை பாய்ந்தவர்களுக்கு, நிலைமை தேவலை.

எனவே இப்படி ஒரு புள்ளி பட்டுவிட்டால் ஒரு டிடி ஊசியோடு விட்டுவிடக் கூடாது. புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ, கை அறுவை சிகிச்சை செய்யக்கூடிய வேறு மருத்துவமனைக்கோ உடனே போக வேண்டும். "டீசல் உயர் அழுத்தத்தில் உள்ளே பாய்ந்துவிட்டது" என்ற ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால், இவ்வளவு சிறிய புள்ளியைப் பார்க்கிற யாரும் அவசரம் என்று நினைக்கமாட்டார்கள்.

காமன் ரெயில் வண்டியிலும் ஃபில்டர் இருப்பது குறைந்த அழுத்தப் பக்கத்தில்தான். நியாயமாக அதை மாற்றுவது கடினமில்லை. அதன் அடியில் தேங்கும் தண்ணீரை வடிக்கிற திருகை, இன்ஜின் ஆறிய பிறகு வண்டிக்காரரே திறந்து வடிக்கலாம். புதிய ஃபில்டர் போட்ட பிறகு காற்றை எடுக்கக் கைப்பம்ப் இருந்தால் அதை அமுக்கி எடுக்கலாம், இல்லையென்றால் சாவியைச் சிலமுறை ஆன் செய்து மின்பம்ப்பை ஓடவிடலாம். ஃபில்டரைத் தாண்டி, உயர் அழுத்தப் பம்ப்பிலிருந்து இன்ஜெக்டர் வரை போகும் இரும்புக் குழாயின் நட்டை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடக் கூடாது. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதோடு வீட்டு வேலை முடிந்துவிட வேண்டும்.

ஃபில்டர் மாற்றியபோது ஒன்றும் ஆகவில்லை, வண்டி ஓடுகிறது, அப்பாடா என்று உட்காரும்போதுதான் இன்னொரு வகை ஆபத்து தொடங்குகிறது. இணைப்பில் கசிவு. ஒரு கிளிப், ஒரு கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே பெரிய உதாரணங்கள் உண்டு. 2010 பிப்ரவரியில் மாருதி சுசுகி 1,00,000 ஏ-ஸ்டார் கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் பம்ப்பின் கேஸ்கெட் வழியாகக் கசிவு ஏற்படலாம் என்பதுதான் காரணம். 2019 ஆகஸ்டில் அதே நிறுவனம் 40,618 வேகன்-ஆர் கார்களைத் திரும்ப அழைத்தது. பெட்ரோல் ஹோஸ் உலோகக் கிளாம்ப்பில் உரசக்கூடும் என்ற சந்தேகம். முறுக்குவிசை அளக்கும் கருவி, கசிவுச் சோதனை, தரப் பரிசோதகர்கள் எல்லாம் உள்ள தொழிற்சாலையிலேயே ஒரு ரப்பர் வளையமும் ஒரு கிளாம்ப்பும் இவ்வளவு வண்டிகளைத் திரும்பக் கூப்பிட வைத்தன. வீட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டு அரை வெளிச்சத்தில் கிளிப்பை முறுக்குகிறவருக்கு அந்தச் சோதனைகளில் எதுவும் இல்லை.

பழைய ரப்பர் வளையத்தைத் திரும்பப் போடுவது, இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்குரிய ஹோஸுக்குப் பதில் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஏதோ ஒரு ரப்பர் டியூபைப் போடுவது, கசிந்துவிடக் கூடாதே என்று கிளிப்பை அளவுக்குமேல் முறுக்கி ஹோஸையே வெட்டிவிடுவது, பிளாஸ்டிக் இணைப்பைச் சொருகிவிட்டு 'டிக்' என்ற சத்தம் கேட்காமலே விட்டுவிடுவது. வீட்டு வேலைகளில் கசிவு பெரும்பாலும் இந்த வழிகளில்தான் வருகிறது. ஃபில்டரின் மேல் உள்ள அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்க வேண்டும் என்பதையும் அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.

பற்றிக்கொண்டால்? தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீருக்கு மேலே மிதக்கும், எரிந்தபடியே தண்ணீரோடு ஓடும். போர்ட்டிகோவிலிருந்து தெருவில் நிற்கும் அடுத்த வண்டிவரை தீயை நாமே அழைத்துப்போனது போலாகிவிடும். ஏபிசி வகை உலர் பொடி அணைப்பான் ஒன்று, அதன் மானி முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்த்து, வேலை தொடங்கும் முன்னே கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். அதுவும் தப்பிக்கும் வழியின் பக்கம் இருக்க வேண்டும், காருக்கு அந்தப் பக்கம் இல்லை. பேனட்டுக்குள் தீ என்றால் பேனட்டை முழுதாகத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று கிடைத்து ஓங்கி எரியும். கொஞ்சம் இடுக்கு வழியாகப் பொடியைச் செலுத்திப் பார்க்கலாம். சில வினாடிகளில் அடங்கவில்லையென்றால் காரை விட்டுவிட்டு எல்லோரையும் வெளியேற்றி 101ஐ அழைக்க வேண்டும். ஆடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் உருள வேண்டும். தீக்காயத்தின் மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசை, இங்க், மாவு எதுவும் பூச வேண்டாம். 108 வரும்வரை சுத்தமான துணியால் மூடிவைத்தால் போதும்.

இத்தனையும் தெரிந்த பிறகு, வீட்டில் செய்யலாமா கூடாதா? பேனட்டுக்குள் கண்ணுக்கு எதிரே ஃபில்டர் உள்ள பழைய கார்புரேட்டர் வண்டியும், அடியில் தனி ஃபில்டர் உள்ள பெட்ரோல் வண்டியும், கருவியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு எட்டாத வேலை இல்லை. டேங்குக்குள் ஃபில்டர் உள்ள காரையும், பிரச்சினை செய்கிற காமன் ரெயில் டீசலையும் ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிட வேண்டும். பிழைப்புக்காக இதைச் செய்கிற மெக்கானிக்குகளுக்கும் இதே ஆபத்துதான். தஞ்சாவூர் சாலையோரத்தில் தகரக் கூரை போட்டு, கையுறைகூட இல்லாமல் டீசலில் கையை நனைத்துக்கொண்டு வேலை பார்க்கும் பையன்களுக்கு, ஒரு கண்ணாடியும் ஒரு ஜோடி நைட்ரைல் கையுறையும் வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு. வண்டியை விடுகிற வாடிக்கையாளரும் அதைக் கேட்கலாம், தப்பில்லை.

வீட்டிலோ வெளியிலோ யார் மாற்றினாலும் கடைசியில் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பேட்டரியை இணைத்து, ஃபியூஸைப் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் பம்ப் சில வினாடி ஓடிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றும். இன்னொருவர் டார்ச் அடித்து இரு பக்க இணைப்பையும் பார்க்க வேண்டும். ஈரம் தெரியாவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்கலாம், பிறகு துவாக்குடி வரை ஒரு ஓட்டம் போய்வந்து மறுபடியும் பார்க்கலாம். பெட்ரோல் வண்டியின் இணைப்பில் துடைத்த பேப்பரில் ஈரம் பட்டாலே திரும்பக் கழற்ற வேண்டியதுதான். டீசலின் உயர் அழுத்தப் பக்கம் என்றால், ஓடும் இன்ஜினில் பேப்பரோடுகூடக் கையைக் கொண்டுபோகாமல் தூர நின்று பார்ப்பதோடு சரி. கழற்றிய பழைய ஃபில்டரைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். அதற்குள் இன்னும் பெட்ரோல் இருக்கிறது, குப்பையைக் கொளுத்துகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். திறந்தவெளியில் இரு வாயும் கீழே பார்க்க வடியவிட்டு, வடிந்ததை உலோகக் கலத்தில் பிடித்து, நனைந்த பனியன் வேஸ்ட்டையும் வெளியிலேயே உலரவிட்டு, ஃபில்டரைப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் மற்றப் பழைய பாகங்களோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.